எங்க தெருவுல மட்டும் பெஞ்ச சாரல்

விஞ்ஞானியை வளக்கது எப்படின்னு யாராவது கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன்: வீட்டுல இருக்கவங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். நான் இருக்கல. அதனாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்லுதேன்.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்புல வேலை. அதனால நான் தென்காசியில பொறந்த வீட்டுலயே இருந்தேன். என் தங்கச்சி என்னைவிடப் பதிமூணு வயசு எளையவ. அவளுக்கு எட்டு வயசுல, தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்த அப்பா பின்னால ஒருநாள் போனா. அங்கன மழை அளக்க ஒரு குடுவை வச்சிருந்தாக. அவ்வளவுதான், பிசாசு பிடிச்சுக்கிட்டு. வீட்டுக்கு வந்ததும், அம்மா முறுக்குப் போட்டு வச்சிருந்த சதுர பிஸ்கோத்து டப்பாவைத் தரையில கவுத்தா. முறுக்கெல்லாம் உருண்டு ஓடுது, இவ டப்பாவைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுதா.

தினமும் காலையில அதுல ஸ்கேலை விட்டு, எத்தனை அங்குலம் நனைஞ்சிருக்குன்னு நோட்டுல எழுதணும். ஒருநாள் தவறமாட்டா. காய்ச்சல்ல கெடந்தப்பகூட என்னைத் தூக்கிக்கிட்டுப் போகச் சொன்னா. நானும் அந்த எருமையை இடுப்புல வச்சுக்கிட்டுப் படி ஏறினேன்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு கோட்டித்தனம் உண்டு, கிறுக்குன்னே வச்சுக்கோங்க. குத்தாலத்துல சாரல் விழலைன்னா, நம்ம வீட்டுக் கல்யாணத்துல சோறு பத்தாமப் போன மாதிரி கூனிக் குறுகிப் போவோம். சீசனுக்குச் சொந்தக்காரங்க எண்ணெய்க் குப்பியும் துண்டுமா வந்து இறங்கிருவாக. அருவியில தண்ணி இல்லைன்னா நம்ம மூஞ்சியைத்தான் பாப்பாக. அவ டப்பா வச்ச அடுத்த வருஷம் சாரல் ஏமாத்திருச்சு. வீடு நெறைய ஆளு. அப்பா சும்மா இருக்காம தங்கச்சியைக் கூப்பிட்டு, "எங்க புள்ள மழை அளக்கா, கேளுங்க"ன்னாரு. அவளும் நோட்டைப் பிரிச்சு, "சைபர், சைபர், சைபர்"னு வாசிச்சா. "இதை அளக்க டப்பா எதுக்குட்டி?"ன்னாரு மதுரைச் சித்தப்பா. கூடமே சிரிச்சுது. புள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு. "நாளையிலேருந்து நான் அளக்கமாட்டேன்"னு நோட்டைத் தூக்கிப் பரண்ல எறிஞ்சிட்டா.

எனக்குப் பொறுக்கல. மறுநாள் அவ எந்திரிக்கதுக்கு முன்னால நோட்டை எடுத்து அவ தலைமாட்டுல வச்சுட்டு, டப்பாவுல ஒரு செம்புத் தண்ணி ஊத்தினேன். "எதுக்கும் போய்ப் பாருட்டி"ன்னு அனுப்பினேன். "அரை அங்குலம்!"னு கத்திக்கிட்டே இறங்கி வந்தா. சித்தப்பா அதை நம்பித் துண்டை எடுத்துக்கிட்டு அருவிக்குப் போய், காஞ்ச தலையோட திரும்பி வந்தாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. ருசி கண்டுட்டேன். அந்த சீசன் பூராவும், தோணினப்பல்லாம் ஊத்தினேன்.

பிறகு அவ பாளையங்கோட்டையில படிச்சா, மெட்ராசுக்குப் போய் பி.எஸ்ஸி.யும் முடிச்சா. அங்கன காலநிலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுற புரொபசர் ஒருத்தர், சொந்தமாக் கண்டதை வச்சு ஒரு கட்டுரை எழுதி அனுப்பு, பிடிச்சிருந்தா இடம் தாரேன்னுட்டாரு. அப்பாவும் கண்டிசனாச் சொல்லிட்டாரு: இடம் கெடச்சாப் படிப்பு, கெடைக்கலைன்னா ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளைக்கு வடகரையில வயலும் தென்னந்தோப்பும் இருந்துது. தங்கச்சிக்கு அந்தப் பேச்சே வேப்பங்காய்.

லீவுக்கு வந்தவ, தாலுகா ஆபீஸ் மழைக்கணக்கையும் செங்கோட்டைக் கணக்கையும் வாங்கிட்டு வந்து தன் நோட்டோட சேத்து வச்சுப் பாத்தா. நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். "அக்கா, பெரிய விஷயம் சிக்கியிருக்கு! ஒரு வருஷம் சீசன்ல ரெண்டு ஊர்லயும் நெறைய நாளு சைபர். நம்ம மாடியில மட்டும் அரை அங்குலம், முக்கால் அங்குலம்! மலைக் கணவாய்க் காத்து நம்ம தெருவுக்குத் தனியாச் சாரலைக் கொண்டு வந்திருக்கு!" படம் வேற போட்டிருந்தா, அம்புக்குறி அம்புக்குறியா. மாவுக்குள்ள என் கை அப்படியே நின்னுட்டு.

சொன்னா இவ கட்டுரை போச்சு. சொல்லலைன்னா மெட்ராசே சிரிக்கும். மூணு நாள் தள்ளிப் போட்டேன். அவ கட்டுரையைத் தபால்ல போடக் கெளம்பினப்ப வாசல்ல மறிச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

திட்டுவான்னு பாத்தா, அவ நோட்டைத்தான் பிரிச்சா. "எந்தெந்த நாளு? எத்தனை செம்பு?"ன்னா. எனக்கு என்னத்தை ஞாபகம் இருக்கு! "நெசமாவே தூறின நாளும் இருந்திருக்கும்லா? அது எவ்வளவுன்னு இனி யாருக்குமே தெரியாது, அக்கா"ன்னு சொல்லிட்டு அழுதா. என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

அந்த வருஷம் பூராவையும் அடிச்சுட்டு, மிச்சத்தை வச்சு முதல்லேருந்து எழுதினா. கடைசியில ஒரு வரி: அந்த வருஷக் கணக்கைச் சேக்கல, வீட்டுல உள்ளவங்க டப்பாவுல தண்ணி ஊத்திட்டாக. "குடும்ப மானத்தை ஸ்டாம்பு ஒட்டி அனுப்புதியாட்டி?"ன்னு அப்பா குதிச்சாரு. அவ கேக்கல.

மெட்ராசுலேருந்து நேர்ல வரச் சொல்லிக் கடுதாசி வந்துது. அப்பாவும் அவளும் போனாக. அவுக திரும்பி வந்த அன்னைக்கு ஸ்டேஷனுக்கே போயிட்டேன். "இடம் கெடச்சிட்டு"ன்னு இறங்கும்போதே சொன்னா. தெருவுல நடந்து வரும்போது மெதுவாக் கேட்டேன், அந்த வரியைப் பத்தி ஏதாவது கேட்டாரான்னு.

"அதைத்தான் முதல்ல கேட்டாரு. எப்படிக் கண்டுபிடிச்சேன்னாரு. நான் எங்க கண்டுபிடிச்சேன், எங்க அக்காவே வந்து சொன்னா, அவளுக்கு எங்கிட்ட எதையும் மறைக்கத் தெரியாது சார்னேன்."

பதினோரு வருஷம் மறைச்சு வச்சவளைப் பத்தி, படுபாவி, இப்படியா சொல்லிட்டு வருவா! நடுத்தெருன்னும் பாக்காம ஓன்னு அழுதுட்டேன்.