றைஸாவின் விடியற்காலைக் கட்டுரை

மாம்புரிப் பக்கத்து இறால் குளமொன்றில் பறவை விரட்டுவதுதான் றைஸாவின் தொழில். விடியுமுன்னே வரம்பில் ஏறித் தகரத்தைத் தட்டினாளென்றால் ஒரு நீர்க்காகம்கூட அந்தப் பக்கம் தலைகாட்டாது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரைவிட்டுத் துரத்தப்பட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. ஓ.எல். பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. அதோடு படிப்பு நின்றது. யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், பாலர் பாடசாலைக்கு ஆள் எடுப்பதாகக் கதை வந்தது. ஓ.எல்.லில் தமிழ் மட்டுமாவது சித்தியடைந்திருக்க வேண்டுமாம். றைஸாவுக்கு அந்த வேலையில் கொள்ளை ஆசை. முப்பத்தெட்டு வயதில் அஸ்ஜத் சேரின் மாலை வகுப்பில் போய்க் குந்தினாள்.

சேர் 'விடியற்காலை' என்று கட்டுரை கொடுத்தார். பறவை, பூச்சிகளின் சத்தமெல்லாம் இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது போலவே எழுத வேண்டும் என்றார். றைஸா எழுதினாள்: "காகம் கரைந்துகொண்டிருந்தது. ஆட்காட்டி அலறிக்கொண்டிருந்தது. நான் தகரத்தைத் தட்டினேன். எல்லாம் பறந்து போயின." கட்டுரை அவ்வளவுதான்.

சேர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். வயதில் மூத்தவளென்று அக்கா முறை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவார். "ராத்தா, ஒரு பக்கம் எழுதணும். நாலாவது வரியில எல்லாத்தையும் கலைச்சுவிட்டா நான் எதுக்கு மார்க்ஸ் போட?"

எத்தனை தரம் எழுதினாலும் கை தகரத்துக்கே போனது. புத்தகத்தைப் பார்த்து ஓர் அன்னத்தைக் கூவவிட்டாள்; மாம்புரியில் அன்னத்தை எங்கே கண்டீர்கள் என்று சேர் கேட்டுவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்க, குளத்தை வடித்து இறாலை அள்ளினார்கள். மறுநாள் வேலையில்லை. ஆனாலும் அவள் வெறுங்கையோடு வரம்பில் போய்க் குந்தினாள். பயந்து பயந்து ஒரு கொக்கு இறங்கியது. பிறகு பத்து. சேற்றில் மிஞ்சிய மீனுக்கு அவை சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. மீன்கொத்தி கெக்கலித்துக்கொண்டிருந்தது. கண்டல் மரப் பூக்களில் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. இத்தனை வருடமும் இதுகளை ஒரு வார்த்தை பேசவிடவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெயில் ஏறும்வரை எழும்பவேயில்லை.

பரீட்சையில் 'நான் ரசித்த ஒரு காலை' என்றொரு தலைப்பு இருந்தது. மணியடித்து, மேற்பார்வையாளர் தாளுக்குக் கைநீட்டியபோதும் அவள் நிமிரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. கொக்கு இன்னும் கதைச்சு முடிக்கல்ல."

சித்திரையில் முடிவு வந்தது, தமிழுக்கு 'பி'. றைஸா வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். இப்போது பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும் அறை அவளுடையது. கொஞ்சம் அதட்டி வையுங்கள் என்று பெரிய ரீச்சர் சொல்வார். அவள் கேட்பதாயில்லை.

"கத்தட்டும் ரீச்சர்," என்பாள். "எனக்குக் கேக்கணும்."