விளையாட்டுச் சோதனைச்சாவடி

இத்தாலியில், லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில், அயன் பண்ணுவதற்கு வைத்திருந்த துணிக்கூடைக்குள் ஒருநாள் இராணுவ உடுப்பு கிடந்தது. வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் இரவுச்சட்டைக்கும் மேசைவிரிப்புக்கும் நடுவில், பச்சையும் சாம்பலும் கலந்த தடித்த துணி. வீட்டில் எவரும் படையில் இல்லை. சிஞ்ஞோரா லூச்சியாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலியில் இருக்கிறார். மகன் மார்க்கோ பல் வைத்தியர். கேட்டபோது, “என்னுடையதுதான், மடிப்பு நல்லா வரவேணும்” என்றார் மார்க்கோ. ஓய்வு நாட்களில் அவரும் நண்பர்களும் பழைய கோட்டைகளுக்குப் போய், இரண்டாம் உலகப் போர்க்காலப் படைவீரர்களாக வேடம் போட்டு நிற்பார்களாம். சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்களாம். எங்களூரில் அந்த உடுப்பைக் கண்டால் கோழி அடைக்கிற பெண்கூட வேலையை விட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். இங்கே நான் அதற்குத் தண்ணீர் தெளித்து மடிப்பு எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனின் வேடத்தைப் பார்க்க வேண்டும் என்று சிஞ்ஞோரா பிடிவாதம் பிடித்தார். பகேரியாவைத் தாண்டிக் கடலோரம் இருந்த கோட்டை அது. வழியெல்லாம் அவர், சின்ன வயதில் ஒரு படைவீரன் தனக்குச் சாக்லேட் தந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய போர் நினைவு இனிப்பானது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. எங்களுக்குக் கோட்டை என்றால் இராணுவ முகாம், கிட்டப் போகக்கூடாத இடம். இங்கே அதன் வாசலில் ஐஸ்கிரீம் விற்றார்கள். குழந்தைகள் பீரங்கியில் ஏறி இருந்து படம் எடுத்தார்கள்.

உள்ளே போகும் பாதையில் மண்மூட்டைகள், முட்கம்பி, குறுக்கே ஒரு தடி. டிக்கெட்டோடு கொடுத்த விளையாட்டு அனுமதிச் சீட்டைக் காட்டினால் வேடக்காரர்கள் முத்திரை குத்தி விடுவார்கள். சனங்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சக்கர நாற்காலி தள்ளுபவளுக்கு டிக்கெட் தேவையில்லை என்று சொல்லிவிட்டதால் என்னிடம் அந்தச் சீட்டு இருக்கவில்லை. தடிக்குப் பின்னால் நின்றவர் மார்க்கோ. நான் மடிப்பு எடுத்த உடுப்பில், தோளில் துவக்கோடு நின்றார்.

“தொக்குமெந்தி!” என்று அதட்டினார்.

பத்திரம் கேட்கிறார். விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. அது பையைத் திறந்து என் உண்மையான பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் நான் இருப்பதற்குத் தந்திருக்கும் அட்டையை, எடுத்து நீட்டிவிட்டது. மார்க்கோ அதை உயரத் தூக்கிச் சனங்களுக்குக் காட்டினார். “போலி! கைது செய்யுங்கள்!” என்று கத்தினார். சனங்கள் சிரித்தார்கள். இரண்டு வேடக்காரர்கள் வந்து என் கைகளை மெல்லப் பிடித்து, முட்கம்பிக்குப் பின்பக்கம் போகச் சொன்னார்கள்.

ஊரில், மன்னாரில், இராணுவம் எங்கள் பஸ்ஸை மறித்த நாளிலும் இப்படித்தான் ஒருவன் அண்ணாவின் அடையாள அட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். “நீ அங்காலை நில்” என்றான். அதட்டக்கூட இல்லை. மற்றவர்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பஸ் வெளிக்கிட்டபோது அண்ணா எங்களைப் பார்க்கவில்லை, அந்த இராணுவக்காரனின் கையில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். மாதக்கணக்கில் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் அம்மா முகாம் முகாமாக அலைந்தார். கடைசியில் அவன் திரும்பி வந்தான். இடது காது கேட்காமல் வந்தான்.

“அட்டையைத் தாங்கோ, தொத்தோரே” என்றேன் இத்தாலியனில், டாக்டர் என்று மரியாதையாக. அவர் தலையை ஆட்டி மறுத்தார். நடிப்பு நன்றாகப் போகிறது என்ற சந்தோசம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு எனக்கு இத்தாலியன் வரவில்லை.

“தாடா அதை! என்ரை அண்ணாவையும் இப்பிடித்தானடா கொண்டு போனவங்கள்! கையை எடுங்கோடா!”

“பிராவா! பிராவா!” என்று கை தட்டினார்கள். ஒரு பெண் போனில் படம் பிடித்தாள். அட்டையைப் பறித்தேன், அவருடைய விரலில் என் நகம் கீறியது. எத்தனையோ வருடமாக ‘தொத்தோரே’ என்று அழைத்த மனிதரை ‘டா’ போட்டிருக்கிறேன். அவருக்கு அது விளங்கவில்லை என்பதுதான் என் குறை.

“ரீட்டா, பகிடிக்குத்தானே” என்று சிஞ்ஞோரா என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். நான் அதை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

கடல் சுவரில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மார்க்கோ தாயைத் தள்ளிக்கொண்டு வந்தார். “அருமையாச் செய்தாய், ரீட்டா. அடுத்த முறையும் வரவேணும்.”

அது நடிப்பில்லை என்றேன். அண்ணாவின் கதையைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

“எங்களுக்கும் போர் நடந்தது. மறக்கக்கூடாது எண்டுதான் இதைச் செய்யிறம்.”

“உங்களுக்கு முடிஞ்சுது. அதாலை விளையாடுறியள்.”

அவர் கீறல் விழுந்த தன் விரலைப் பார்த்தார். பிறகு, “அம்மாவுக்குப் பாத்ரூம் போகவேணுமாம்” என்றார்.

“கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கடை அம்மாதானே.”

அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். நான் எழும்பவில்லை. தாயைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார், சக்கரம் சரளைக்கல்லில் இறுகி இறுகி நகர்ந்தது. மறுநாளும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போகத்தான் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையில்தான் என் பெர்மெஸ்ஸோ தொங்குகிறது. புலம்பெயர்ந்தவர்களின் கோபத்துக்கு அவ்வளவுதான் நீளம். ஆனால் அந்தச் சுவரில் இருந்த நேரத்துக்கு நான் எவருக்கும் வேலைக்காரி இல்லை.

மன்னாருக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டு அண்ணா பேசினான். நடந்ததைச் சொன்னேன்.

“காசு குடுத்தோ சனம் உள்ளை போனது?”

“ஓம்.”

அவன் நெடுநேரம் சிரித்தான். பிறகு கேட்டான்: “உன்னை வெளியிலை வர விட்டவங்களோ?”

“ஓம் அண்ணா. விட்டவங்கள்.”

வீடியோ கோல் என்றாலும் அவன் போனை வலது காதுக்குக் கிட்டப் பிடித்துத்தான் கேட்பான். அதனால் திரை நிறைய அவனுடைய காது, அதற்கப்பால் ஒரு துண்டு மன்னார் வானம். மூலையில் இருந்த சின்னப் பெட்டிக்குள் நான், எனக்குப் பின்னால் கோட்டைச் சுவர். வெயிலில் திரை மங்கத் தொடங்கியது. கையால் நிழல் பிடித்தேன். நிழல் அவனுடைய வானத்தில் விழுந்தால் என் முகம் மங்கியது, என் முகத்தில் விழுந்தால் அவனுடைய வானம் மங்கியது.