கொல்கத்தாவுக்கு முன் ஒரு வியாழக்கிழமை

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ஆறேகாலுக்கு நின்றது. இரண்டு டிரம்மும் ஒரு வாளியும் நிரப்பினேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பு சொசைட்டி வளாகத்தை ஆறு சுற்று நடந்தேன். ஏழரைக்கு இட்லி. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால், புணே பக்கத்தில் போசரி தொழிற்பேட்டையில் எங்களுக்கு வியாழன்தான் விடுமுறை. அதனால் சிஞ்ச்வட்டில் எங்கள் கட்டடத்தில் அன்று பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள்.

எட்டு மணிக்கு என் மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சுருட்டிய துண்டை வலது முழங்காலுக்கு அடியில் வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்ணுவது என் பொறுப்பு.

"உங்க பத்து ரொம்ப நீளம்" என்றாள். "டாக்டரோட பத்து இவ்வளவு நேரம் வராது."

இருபத்தாறு வருஷம் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள். நின்றபடியே நடத்துவாள். முழங்கால் தேய்மானம் என்று சொன்ன பிறகும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, போன ஜூனில் வேலையை விட்டாள். அவளோடு வேலை பார்த்த ஒரு வங்காளி டீச்சர், ஒவ்வொரு டிசம்பரிலும் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். தெரு முழுக்க விளக்கு, பூங்காவில் கடைகள், மேடையில் பாட்டு, கேக் வாங்க விடியற்காலையிலிருந்து வரிசை. இவளோ பள்ளிக்கூட மேடைக்கு வருஷா வருஷம் பஞ்சை ஒட்டிப் பனி செய்துகொண்டிருந்தாள். இந்த வருஷம் போகலாம் என்று அக்டோபரிலேயே விமான டிக்கெட் எடுத்தேன். 23 காலை புறப்பாடு, 25 இரவு திரும்புதல். மூன்று நாளில் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு அட்டவணை தயாரித்தேன். உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருப்பவனுக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

நவம்பர் கடைசியில் முழங்கால் மறுபடி வீங்கியது. நடக்கலாம், ஆனால் ஓயாமல் நிற்கக்கூடாது என்றார் டாக்டர். ரத்து செய்துவிடலாம் என்று சொன்னேன்.

"பள்ளிக்கூடத்தை இந்த முழங்காலுக்குக் கொடுத்தாச்சு. இதையும் கொடுக்க முடியாது" என்றாள்.

அப்போதுதான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆலையில் எந்தப் பெரிய ஆர்டரையும் நான் டிரையல் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதில்லை. புணேயில் கேம்ப் பகுதியிலும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் கடைகள் போடுகிறார்கள், கூட்டமும் அதே மாதிரி. அங்கே மூன்று மணி நேரம் நடந்து காட்டினால் கொல்கத்தா. முடியாவிட்டால் மறுநாளே டிக்கெட்டை ரத்து செய்வது.

"பரீட்சை வையுங்க" என்றாள். "நான் எத்தனை பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்."

மாலை லோக்கல் ரயிலில் புணே ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரிக்ஷா பிடித்தோம். நாலு நாற்பதுக்குக் கேம்ப்பில் இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன். நடைபாதை முழுக்கக் காகித நட்சத்திரங்கள், பிளாஸ்டிக் மரங்கள், மண்ணில் செய்த குடில் பொம்மைகள். முதல் அரை மணி நேரம் என்னைவிட வேகமாக நடந்தாள். பிறகு ஒவ்வொரு கடையிலும் நின்று நட்சத்திரத்துக்கு விலை கேட்க ஆரம்பித்தாள். சிவப்பு என்ன விலை, வெள்ளை என்ன விலை, விளக்கோடு சேர்த்து எவ்வளவு. எதையும் வாங்கவில்லை. ஐந்தாவது கடையில்தான் கவனித்தேன், விலை கேட்கும்போதெல்லாம் மேசை விளிம்பில் கையை ஊன்றிக்கொள்கிறாள்.

ஆறு பத்துக்கு நின்றுவிட்டாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

"போதும், போகலாம்" என்றேன்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருக்கு. நான் நடப்பேன்."

நாங்கள் நின்ற இடம் குடில் பொம்மைகள் விற்கும் கடை. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அரே, தமிழா? உள்ள வாம்மா, பஸா, பஸா" என்று மராத்தி கலந்து உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எங்க தமிழ் கேம்ப் தமிழ். சிரிக்கக் கூடாது."

மனைவி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தால் பரீட்சையில் தோற்றதாக ஆகுமோ என்று யோசித்திருப்பாள். உட்கார்ந்தாள். நேரத்தைக் குறித்தேன்.

"சாஹேப் என்ன டிராஃபிக் போலீஸா?" என்று கேட்டார் அந்த அம்மா. "எழுதிட்டே இருக்காரே."

"வீட்டிலயும் அப்படித்தான்" என்றாள் மனைவி. "சாம்பார் கொதிக்கிற நேரத்தைக்கூட எழுதுவார்."

அவர் டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார். அதற்குள் ஒரு மராத்திக் குடும்பம் வந்து, குடில் செட்டில் ஆடு ஒன்று குறைகிறதே என்றது. மனைவி ஸ்டூலில் இருந்தபடியே பெட்டியிலிருந்து ஆடுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, எண்ணிப் பாருங்கள் என்று மராத்தியில் சொன்னாள். வகுப்பில் சொல்கிற குரல். அந்தக் குடும்பத்தின் அப்பா நிஜமாகவே விரல்விட்டு எண்ணினார். சரியாக இருந்தது, வாங்கிப் போனார்கள். பிறகு டீ வந்தது. சாண்டா கிளாஸ் தொப்பி போட்ட ஒரு கூட்டம் டெம்போவில் பாடிக்கொண்டு போனது. நடைபாதைக் கூட்டம் முழுவதும் அவள் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் வலி இல்லை. நின்றுகொண்டிருந்த எனக்குக் குதிகால் வலித்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

ஆறு ஐம்பதுக்குத் தானே எழுந்தாள். அதன்பின் இருபத்தைந்து நிமிடம், ரிக்ஷா கிடைக்கும்வரை, கை ஊன்றாமல் நடந்தாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.

"எழுதியாச்சா? படிங்க."

"நாலு நாற்பது தொடக்கம். ஆறு பத்துக்கு நின்றது. மூன்று மணி நேரம் ஆகவில்லை."

"நின்றதா? நான் என்ன லேத் மெஷினா?"

நான் சாதத்தைப் பிசைந்தேன்.

"சரி, லேத்தாவே இருந்துட்டுப் போறேன். உங்க லேத் முழு வேகத்துல ஓடலன்னா, வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"மாட்டோம். வேகத்தைக் குறைப்போம்."

"குறைச்சா?"

"நாள் கூடும்."

ரசம் ஊற்றினாள்.

சாப்பிட்டபின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஆலையில் எந்த ஷிஃப்டிலும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு டீ இடைவேளை உண்டு. இருபது வயதுப் பையன்கள் நிற்கிற உற்பத்தி வரிசைக்கும் உண்டு. அதைப் போட்டவனே நான். முழங்கால் தேய்ந்தவளுக்குப் போட்ட டிரையலில், மூன்று மணி நேரத்தில் உட்கார ஓர் இடம்கூட நான் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது சரியான பதிவு ஆகாது. தெரியாத ஊரில், கூட்டத்தில், அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு நவம்பரிலிருந்தே இருந்தது. ரத்து செய்வது எனக்குச் சுலபம். அதை முழங்கால் சொல்லட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேர நடை, நாற்பது நிமிட ஓய்வு, மறுபடி அரை மணி நேரத்துக்குள் நடை. மாலையில் எனக்குக் கிடைத்த கணக்கு இவ்வளவுதான். இதை வைத்துப் போட்டால் ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் அடங்கும்.

"அஞ்சு இடத்தை எடுத்துட்டா மூணு நாள்ல முடியும்" என்றேன்.

"எந்த அஞ்சு?"

வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கேக் கடை வரிசையை விட முடியாது. கதீட்ரலை விட முடியாது. டிராம் பயணம் உட்கார்ந்துதானே, அதை எதற்கு எடுக்க வேண்டும். குமார்துலியில் களிமண் பொம்மை செய்கிறவர்களைப் பார்க்கப் போவதாக அவள் ஏற்கனவே ஒரு தோழியிடம் சொல்லிவிட்டாள். ஐந்தும் பட்டியலுக்கே திரும்பி வந்தன.

"நீங்க போட்ட லிஸ்ட்தானே" என்றாள். "நான் ஒண்ணும் கூடச் சேர்க்கலியே."

பதினான்கு இடங்கள், நாளுக்கு மூன்று. ஐந்து நாள். 26 வியாழன், அது எப்படியும் விடுமுறை. 27 வெள்ளியும் 28 சனியும் எனக்கு விடுமுறை வேண்டும். ஆனால் ஆலையில் வருஷக் கடைசிச் சரக்கை அனுப்புகிற டிஸ்பாட்ச் வாரம் அது. திரும்பும் விமானம் சனிக்கிழமை மதியம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகப் பிளான்ட் மேனேஜருக்குப் போன் செய்தேன். அந்த நேரத்துக்கு அவர் நடைப்பயிற்சியில் இருப்பார் என்று தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். 27, 28 இரண்டு நாளும் கூடுதலாக விடுமுறை வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். அவர் நடையை நிறுத்தியது, காலடிச் சத்தம் அடங்கியதில் தெரிந்தது.

"என்ன காரணம்?"

"மனைவியின் முழங்கால், சார்."

"அடடா. எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லை, சார். கொல்கத்தா" என்றேன்.