ஆஸ்டின் டவுன் மோரிக்கு அய்யாவு கட்டிய பாலம்

பர்மாவில் ஐராவதி ஆற்றின் குறுக்கே, ஜப்பான்காரன் தலைக்குமேல் குண்டு போட்டுக்கொண்டிருக்க, ஒரே இரவில் தனி ஆளாகப் பாலம் கட்டி முடித்தவர் ஆஸ்டின் டவுன் அய்யாவு. ஆறு அங்கே இரண்டு மைல் அகலம். பாலத்தை முடித்த கையோடு அதே ஆற்றில் குளித்து, தலை துவட்டி, விடிவதற்குள் மேஜருக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்.

சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. கூட நானூறு பேர் இருந்தார்கள். இரவும் ஒன்றல்ல, பதினொன்று. ஆறுகூட ஐராவதி இல்லை, அதில் போய் விழும் ஏதோ ஓர் ஓடை. டீ மட்டும் நிஜம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ஆவணியில், ஆஸ்டின் டவுன் மோரிக் கால்வாயின்மேல் அவர் கட்டிய பாலத்தின் கதைக்கு யாரும் கண்ணும் மூக்கும் வைக்கவேண்டியதில்லை. நடந்ததே போதும்.

அய்யாவு சாப்பர்ஸ் படையில் பதினேழு வருஷம் இருந்தவர். சாப்பர் என்றால் சண்டைக்காரர்களுக்கு முன்னால் போய் ரோடும் பாலமும் போடுகிறவன். சண்டை ஓய்ந்து எல்லாரும் மூட்டை கட்டிய பிறகு கடைசியாகக் கிளம்புகிறவன். அதனால்தான் யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, நாற்பத்தேழில், ஒரு தகரப் பெட்டியோடு தண்டு ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று பொரி தின்றுகொண்டிருந்தது. காக்கிச் சட்டையைக் கண்டதும் உள்ளே பார்த்துக் கத்தியது.

"அம்மா, போலீஸ்காரரு வந்துகீறாரு! நாம ஒண்ணும் பண்ணலியே?"

அதுதான் அவர் மூத்த மகள் வள்ளியம்மா. அவள் பிறந்தபோது அவர் பர்மா எல்லையில் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். சேதி போய்ச் சேரவே மூன்று மாதம் ஆயிற்று. பெயர் வைத்தது, மொட்டை போட்டது, காது குத்தியது எதையும் அவர் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குழந்தைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அது பயந்துபோய்ப் பொரியைக் கொட்டிவிட்டது.

அன்று மனைவி எல்லம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இனிமே இவளுக்கு நடக்கிற எந்த நல்லது கெட்டதுக்கும் நான் பக்கத்துல இல்லாம இருக்கமாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். ஒரு காண்டிராக்டரிடம் சாரம் கட்டும் மேஸ்திரி வேலை கிடைத்தது. பத்ராவதியில் இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வள்ளியம்மாவைப் பள்ளியில் சேர்த்த நாளில் அவளைவிட முன்னால் வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையும் கையுமாக இருந்தார். பின்னால் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பிள்ளைகளும் வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். "நகம்! காது! சிலேட்டு!"

"இது வூடா, பாரக்ஸா?" என்பாள் எல்லம்மா.

"வூடுதான். பாரக்ஸா இருந்தா உன் நகத்தையும் இல்ல பார்த்திருப்பேன்."

வள்ளியம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் சந்தாபுராவிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை இளங்கோவன் பஸ் கம்பெனியில் ஃபிட்டர், தகப்பன் இல்லாதவன். அவனுக்கு எல்லாமே தாய்மாமன் கோவிந்தப்பாதான். ராகி மில் வைத்திருந்த கோவிந்தப்பாவுக்கு உடம்பும் ரோஷமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. அவர் தலையசைத்தால் கல்யாணம். முகத்தைத் திருப்பினால் அடுத்த பஸ்.

பந்தல் அய்யாவு வீட்டு வாசலில். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து, மோரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஊர் மழைத் தண்ணீரெல்லாம் ஓடும் பெரிய கால்வாய்தான் மோரி. கடந்து வர இரண்டு கருங்கல் பலகை போட்டிருக்கும். முகூர்த்தத்தன்று பொழுது விடிந்தபோது பலகைகளைக் காணோம். இரவெல்லாம் கொட்டிய மழை அவற்றைப் புரட்டிக்கொண்டு போயிருந்தது. சுற்றுவழியிலும் முழங்கால் வெள்ளம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு முடிகிறது. இப்போது மணி ஏழரை.

அக்கரையில் குடை பிடித்து நின்ற கோவிந்தப்பா குரல் கொடுத்தார். "இன்னாப்பா இது, சகுனமே செரியில்லியே! மாப்பிள்ளைய சாக்கடைத் தண்ணியில நடத்தி இட்டுகினு வருவமா? எட்டரை வரைக்கும் பார்ப்பேன். இல்லாங்காட்டி எங்க ஊருக்கு பஸ் கீது."

உள்ளே கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மாவுக்கு அது கேட்டது. அவள் ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா மோரியைப் பார்த்தார். பன்னிரண்டடி அகலம். இடுப்பளவு ஆழம். ஓட்டம் சுமார். மனசுக்குள் கணக்கு ஓடி முடிந்தது.

"பெர்னார்ட்! கயிறு!"

பக்கத்துவீட்டு பெர்னார்ட் சைக்கிள் கடைக்காரர். அய்யாவு எது கேட்டாலும் ஏன் என்று கேட்காதவர். கேட்டால் பர்மாக் கதை வரும் என்ற பயம். கயிறு வந்தது. சாரக் கழிகள் வந்தன. சுண்ணாம்பு அடிக்கிற ஏணிகள் மூன்று வந்தன. மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த இரண்டு பெஞ்சுகளை அய்யாவு அப்படியே உருவினார்.

"ஏங்க, நாங்க எங்க குந்தறது?" என்றார் நாதஸ்வரக்காரர்.

"நின்னுகிட்டு ஊதுங்க. இன்னும் நல்லா வரும்."

சரிகை போட்ட புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பெஞ்சுக் கால்களில் சாரக் கழிகளைக் கட்டி ஆளுயரமாக்கி, நடுவில் நிறுத்தி, காலுக்குக் கால் கல் அடைத்து, கரையிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கும் ஏணிகளைப் படுக்கவைத்து, மேலே பந்திப் பலகைகளைப் பரப்பிக் கட்டினார். நாற்பது நிமிஷம். கடைசி முடிச்சைப் போட்டதும் கரையேறாமல் பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய பழைய சுபேதார் வைத்த வழக்கம் அது. பாலம் கட்டினவன், முதல் லோடு தாண்டுகிறவரைக்கும் அதன் அடியில் நிற்கவேண்டும். தன் தலைக்குமேல்தான் வண்டி போகும் என்று தெரிந்தவன் முடிச்சை அரைகுறையாகப் போடமாட்டான். பதினேழு வருஷப் பழக்கம், கால் தானாகப் போய் நின்றுவிட்டது. இன்றைக்குத் தான் பாலம் கட்டினவன் மட்டுமல்ல, பெண்ணைப் பெற்றவனும்கூட, கரையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று சம்பந்தியை எதிர்கொள்ளவேண்டியவன் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

முதல் லோடு கோவிந்தப்பாவும் மாப்பிள்ளையும். பாதிப் பாலத்தில் கோவிந்தப்பா நின்றுவிட்டார்.

"பொண்ணோட அப்பா எங்க? சம்பந்தி வராரு, சந்தனம் குடுக்க ஒரு ஆளக் காணோம். இன்னா மரியாதை இது?"

"லோடு நடுவுல நிக்கக் கூடாது. நடந்துகிட்டே இருங்க," என்றது பலகைக்குக் கீழிருந்து ஒரு குரல்.

"யாரு பேசறது?"

"பொண்ணோட அப்பாதான்."

கோவிந்தப்பா குனிந்து பலகை இடுக்கில் பார்த்தார். நெற்றியில் விபூதியும் தாடையில் சேறுமாக ஒரு முகம் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்க நின்னுகினு இன்னா பண்றீங்க? மேல வாங்க. சந்தனம் குடுங்க. அப்பால நடக்கறேன்."

அய்யாவு குனிந்து கீழே பார்த்தார். தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. கரையில் யாரோ மணி எட்டரை என்றார்கள். வள்ளியம்மாவின் ஜன்னல் திறந்தே இருந்தது.

"வரமுடியாது சம்பந்தி," என்றார். "நீங்க நிக்கிற எடத்துல பெஞ்சுக் கால் ஒண்ணு நழுவிடுச்சு. பாரம் இப்ப என் தோள்ல கீது. நான் நகர்ந்தா நீங்களும் மாப்பிள்ளையும் என்கூட உள்ளதான் வருவீங்க."

கோவிந்தப்பாவுக்கு முகம் வெளிறியது. அவ்வளவு பெரிய உடம்பு அந்தப் பலகைமேல் மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தது. எல்லம்மா கரையோரம் ஓடிவந்து சந்தனக் கிண்ணத்தைப் பாலத்துக்கு அடியில் நீட்டினாள். இடுக்கு வழியாக ஒரு கை மேலே வந்து, சம்பந்தியின் புறங்கையில் சந்தனம் பாதியும் சேறு பாதியுமாகப் பூசியது.

"போதும் சம்பந்தி, போதும்! தோளு பத்திரம்," என்று சொல்லிவிட்டு, கோவிந்தப்பா முட்டைமேல் நடக்கிறவர்போல நடந்து இக்கரை சேர்ந்தார். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் முப்பத்தேழு பேரும் அதேபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு பலகைகூட முனகவில்லை.

எல்லாரும் தாண்டிய பிறகும் அய்யாவு மேலே வரவில்லை. முடிச்சுகளைச் சரிபார்ப்பதாகச் சொன்னார். எல்லம்மாவை மட்டும் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவள் தலைதெறிக்க ஓடி, தகரப் பெட்டியைத் திறந்து, துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பதுக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் அய்யாவு மணவறையில் நின்றார். மேலே பட்டு அங்கவஸ்திரம், கீழே பட்டாளத்துக் காக்கி அரை டவுசர், முழங்கால் வரைக்கும் சேறு. எல்லம்மா நீர் வார்க்க, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். வள்ளியம்மா குனிந்த தலை நிமிராமல் அந்த முழங்கால்களைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கல்யாணப் படத்திலும் அந்த டவுசர் இருக்கிறது. பட்டாளத்துக்காரன் பெண் கொடுத்தால் பட்டாள உடுப்பில்தான் கொடுப்பான் என்று சந்தாபுராவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கோவிந்தப்பாவின் ராகி மில்லில் அந்தக் கதை மாவோடு சேர்ந்து அரைபட்டது. வருஷம் இரண்டு போவதற்குள் அய்யாவு தோளில் மூன்று பெஞ்சு ஏறிவிட்டது.

பிறகு மோரிக்கு சிமெண்டுப் பாலம் வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வருஷமும் அய்யாவு போய் அதன்மேல் மூன்று மிதி மிதித்துப் பார்த்துவிட்டு வருவார். அறுபத்து நாலில் வள்ளியம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றரை நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் கையில் கொடுத்ததும் முதலில் அதன் நகத்தைப் பார்த்தார்.

நான் சொன்ன இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த எல்லம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"பெஞ்சும் நழுவல, ஒண்ணும் நழுவல. இவரு கட்டினது நழுவுமா? கல்லு மாதிரி நின்னுச்சு. நழுவினது வேட்டி. தண்ணி இழுத்துகினு பூடுச்சு. கோமணத்தோட மேல வந்து சம்பந்திக்குச் சந்தனம் குடுப்பாரா? 'எல்லம்மா, வேட்டி போச்சு, டவுசர எடுத்துகினு ஜல்தி வா'ன்னாரு காதுல. மூணாம் நாளு பெர்னார்ட் அண்ணன்தான் அதை மோரி ஓரத்து முள்ளுல இருந்து எடுத்தாந்தாரு. எட்டு தபா தோச்சேன். வள்ளி புள்ளைக்குத் தூளி கட்டினது அதுலதான்."