பூவரசங்குழை

மாடுகளை எழுப்பும் சக்தி எனக்கு உண்டு என்று ஏழு வயதில் நம்பினேன். ஏழு வயதில் நம்பியதில் தப்பில்லை. நாற்பது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்ததைத்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிறையப் படித்தவன் என்று ஊரில் பெயர் வேறு.

யாழ்ப்பாணத்தை விட்டு, வன்னியில் வட்டக்கச்சியில் காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களுடையது. ஐயாவுக்கு நெல்லைவிட மாட்டில்தான் ஆசை. பட்டி கட்டி மாடு சேர்த்தார். எங்களைச் சாணி நாற்றத்தோடு பள்ளிக்கூடம் அனுப்பினார். எனக்கு ஏழு வயதான வருடம் மாரி பொய்த்தது. பழைய வன்னிக்காரர் காட்டுக்குள் வற்றாத மடுக்களைத் தேடித் தங்கள் மாடுகளை முன்கூட்டியே சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐயா போகவில்லை.

"வாய்க்கால் இருக்கேக்கை ஏன் காடெல்லாம் அலைவான்?" என்றார்.

வாய்க்கால் இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

எலும்பும் தோலுமான மாடு இரவில் படுத்தால் காலையில் தானாக எழும்பாது. அப்படியே கிடந்தால் அதோடு முடிந்தது. ஆகவே விடிந்ததும் எங்கள் வீட்டின் முதல் வேலை மாடு தூக்குவது. வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து அம்மா ஒரு பக்கமும் ஐயாவின் தம்பி சின்னையா மறுபக்கமும் பிடிப்பார்கள். ஐயா பின்னால் குந்துவார். முன்பக்கம் என்னுடைய பொறுப்பு: இலையோடு ஒடித்த பூவரசங்குழை ஒன்றை மாட்டின் மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் நீட்ட வேண்டும். நீட்டுவேன், மாடு எழும்பும். அதன் கண்ணில் நீர் வழியும். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். என்னை அவ்வளவு மதித்த கூட்டம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. வேலை முடிந்ததும் ஐயா நெடுநேரம் வாய் கொப்பளிப்பார். அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அது எனக்கு ஊதாரித்தனமாகப் பட்டது.

"பெரியவர் எழும்பிட்டாரோ எண்டு பாருங்கோ அண்ணை, அவர் வராட்டில் இதுகள் அசையாது" என்று சின்னையா என்னை உசுப்பேற்றுவார்.

பெரியவர் தினமும் எழும்பினார். மாடுகள்தான் ஒவ்வொன்றாக எழும்பாமல் போயின. அவற்றைச் சின்னையா கயிறு கட்டி இழுத்துப் போவார். குழை பழசு என்று காரணம் கண்டுபிடித்து, மறுநாள் நான் இன்னும் உயரமான கொப்பில் ஏறுவேன்.

கடைசியில் என்னுடைய நாகு விழுந்தது. எனக்குக் காது குத்தியபோது மாமா தந்த பசுவின் கன்று; தான் இன்னும் கன்று போடாத சிவப்பி. சில நாள் தூக்கினோம். பிறகு ஒரு காலை, நான் குழையை நீட்ட, அம்மாவும் சின்னையாவும் சாக்கைப் பிடித்து உன்னித் தூக்க, பின்னால் குந்தியிருந்த ஐயா எழுந்து போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கால் பாருங்கோவன் அண்ணை" என்றார் சின்னையா.

"விடடா. இவ்வளவும் காணும்."

ஐயா கைவிட்டுவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். வெயில் ஏறும்வரை நான் மட்டும் குழையோடு நின்றேன். குழை வாடியது. நாகு அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் கண்ணில் அன்று ஒரு சொட்டு நீரும் இல்லை. நன்றி கெட்ட மாடு என்று திட்டிவிட்டு அழுதேன்.

மழை பிறகு பெய்தது. பட்டியில் நனைய ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஐயா காலமாகி நெடுநாளைக்குப் பிறகு, ஒரு கலியாண வீட்டில், குழை நீட்டி மாடு எழுப்பிய என் பராக்கிரமத்தைச் சபைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"குழைக்கே மாடு எழும்பினது? ஐயா வாலைப் பல்லாலை கடிக்கிறவர். அந்த நோவிலைதான் அதுகள் எழும்பினது. உன்ரை நாகின்ரை வால் முழுக்கப் புண். இனியும் கடிக்க அந்த மனுசனுக்கு மனம் வரேல்லை."

நான் மெல்லக் கேட்டேன்.

"அப்ப நான் என்னத்துக்கு முன்னுக்கு நிண்டனான்?"

"பின்னுக்கு வந்து இடைஞ்சல் தராமல் இருக்கத்தான்" என்றார் அம்மா.