என் கையெழுத்து போதும்

1982இல் வீட்டுக்காரரோடு அயர்லாந்தின் டப்ளினுக்கு வந்த இரண்டாம் மாதம் மருந்துக்கடையில் ஆணுறை கேட்டேன். கடைக்காரர் முகம் சிவந்து வாசலைப் பார்த்தார். "டாக்டர் சீட்டு இருக்கிறதா?" என்றார். "எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை" என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில். அவர் இன்னும் சிவந்தார். டாக்டர் எழுதித் தந்தால்தான் விற்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டமாம். மதுரை செல்லூரில் எங்கள் சந்துமுனைப் பெட்டிக்கடையில் அது பீடிக்கட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும். வெள்ளைக்காரர்கள் நம்மைவிட முன்னால் போய்விட்டார்கள் என்று நம்பி விமானம் ஏறியவள் நான். வெறுங்கையோடு திரும்பும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மொரீன் பேசியதும் அந்தச் சிரிப்பு நின்றது. கருவைக் கலைக்க இங்கே வழியே இல்லையாம். அவள் தங்கை கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டு வந்து, பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லையாம். "உங்கள் ஊரில் இன்னும் மோசமாக இருக்குமே" என்றாள் இரக்கத்தோடு. எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் நாட்டில் கருக்கலைப்பை அனுமதித்த சட்டம் வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டாவது பிரசவத்தில் இரத்தம் போய்ப் பிழைத்ததே பெரிது. அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகும்போது மறுபடி நாள் தள்ளிப்போனது. இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் அப்போது பம்பாய் ஓட்டலில் சமையல் வேலையில் இருந்தார். என்னோடு விசைத்தறியில் வேலைபார்த்த பாத்திமா அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. அங்கே குமாஸ்தா பாரத்தை விரித்தார்.

"புருஷன் பேரென்ன?"

நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் கட்டியவன் பெயரைப் பெண் சொல்வதில்லை, கூட வந்தவர்கள்தான் சொல்வார்கள். அவர் அக்காவைப் பார்த்தார்.

"கட்டுனவளே சொல்லாத பேரு எனக்கு எங்கிட்டுத் தெரியும்?" என்றது அக்கா. அதற்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கல்யாணத்தில் மொய் எழுதியதே அதுதான். என் காரியத்துக்கு அவர் பேர் எதற்கு என்று அதற்கு.

"பேரு இல்லாம பாரம் நகராது. அவரைக் கூட்டியாந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

"அவுக பம்பாயில இருக்காக. வரதுக்குள்ள நாள் கடந்துருமே" என்றேன் நான்.

அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. அது வழக்கமா பிடிவாதமா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. வரிசை நகராததைப் பார்த்து லேடி டாக்டர் வெளியே வந்தார். பாரத்தை வாங்கிப் படித்தார்.

"புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேக்கல. நீங்களா சேத்துக்கிட்டா எப்படி? வயசு வந்த பொம்பள, அவ கையெழுத்து போதும்." அந்த இடத்தைப் பேனாவால் அடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு அன்றைக்குக் கைகொடுத்தது. பேச்சியம்மாள் என்று நிறுத்தி எழுதினேன்.

எல்லாம் அங்கே ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்ததும் எங்கள் ஊரில்தான். ஆனால் அன்று என் உயிருக்கு என் சொல் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்ட மொரீன், சீட்டு எழுதித் தரும் டாக்டரின் முகவரியை எனக்குக் குறித்துக் கொடுத்தாள்.

மறுவாரம் டாக்டர் சீட்டோடு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏட்டைத் திறந்தார்.

"கணவர் பெயர்?"

"வாங்குவது நான். என் கையெழுத்து போதும்."

நான் எழுதியதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். மேலேயும் கீழேயும் அவர்கள் ஊர்ப் பெயர்கள், நடுவே தமிழில் பேச்சியம்மாள். மதுரை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒருத்தி, டப்ளின் மருந்துக்கடை ஏட்டில் ஒருத்தி. இரண்டு பேரும் நான்தான்.