அத்தைக்குப் பக்கத்து சீட்

எங்கள் அத்தைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் அந்த நடிகருக்கு அவரைப் போல ஒரு ரசிகை கிடைத்திருக்க மாட்டாள். நடிகரின் பெயரை எழுதவில்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் நாலு பேர் இதைப் படிக்கக்கூடும். ஹீரோ என்றே வைத்துக்கொள்வோம். ரேடியோவில் ஹீரோ லேசாக இருமினாலே போதும், அது எந்தப் படம், எந்தக் கட்டம் என்று அத்தை சொல்லிவிடுவார்.

அப்பாவுக்கு அவர் அக்கா. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் பள்ளியில் ஊசிப் பின்னல் கற்றவர். பிறந்த குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பின்னிக் கொடுப்பார். விரல்கள் கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கும், வாய் ஹீரோவின் வசனம் பேசிக்கொண்டிருக்கும்.

அப்பா சபையில் மூப்பர். எங்களுக்கு சினிமா கிடையாது. அத்தைக்கு மட்டும் தடையில்லை. அம்மா ஒருமுறை, "ஊருக்கு ஒரு நியாயம், உங்க அக்காவுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டபோது அப்பா, "அவ எங்க பாக்கறா, கேட்டுட்டுதானே வர்றா" என்றார். பார்த்தால்தான் பாவம் என்பது அவர் முடிவு. கூட ஆள் போகாமல் அத்தையால் போக முடியாது. அந்த ஆள் நான். என்னுடைய பாவத்தை அப்பா எந்தக் கணக்கில் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டிக்கெட் போய்விடும்.

தெரு ரசிகர் மன்றத்துப் பையன்கள் எல்லாரும் ஷூ கம்பெனிக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் போகிறவர்கள். ஹீரோ படம் வந்தால் முதல் நாள் மாலைக் காட்சிக்கு அத்தைக்கென்று இரண்டு டிக்கெட் எடுத்து வைப்பார்கள். ஒன்று அவருக்கு, ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைச் சொல்லும் ஆளுக்கு. அந்த இரண்டாவது டிக்கெட் எனக்குக் கர்த்தர் கொடுத்த ஆஸ்தி என்றே நம்பியிருந்தேன்.

வேலையையும் அப்படித்தான் செய்தேன். அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "கண்ணு தெரியாதவங்க வர்றாங்க, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே போவேன். கூட்டம் விலகும்போது நானே ஹீரோ மாதிரி இருக்கும். படத்தில் சண்டை வந்தால் பத்துப் பேரை இருபதாக்குவேன். சிரிப்பு வந்தால் நான் மட்டும் சிரித்துவிட்டு அத்தைக்குச் சொல்ல மறந்துபோவேன். "இன்னாடி, இன்னா ஆச்சு?" என்று அவர் என் தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

எனக்குப் பதினோரு வயதானபோது ஜோலார்பேட்டையிலிருந்து பெரியப்பா மகள் வந்து சேர்ந்தாள். பெரியம்மாவுக்கு ஆபரேஷன், பெரியப்பாவுக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. அதனால் மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்பினார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா. வந்த அன்றே அத்தை குழாயடிக்குப் போக எழுந்ததும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அக்கா நின்ற இடத்திலிருந்தே, "அத்தை, நான் வரட்டுமா? தனியாவே போய்க்கிறீங்களா?" என்று கேட்டாள். அத்தை திரும்பிச் சிரித்தார். "போய்க்கிறேன் கண்ணு. கேட்ட பாரு, அது போதும்."

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்வதெல்லாம் எனக்கு நடிப்பாகவே பட்டது. கடைத்தெருவில் அத்தையை இழுக்கமாட்டாள். முழங்கையை நீட்டுவாள், அத்தை பிடித்துக்கொள்வார், அவள் அரை அடி முன்னே நடப்பாள். "ரெண்டு படி இறங்கணும் அத்தை" என்பாள், அவ்வளவுதான். அறைக்குள் வந்தால் "நான்தான் அத்தை" என்பாள். வெளியே போனால் "நான் போய்ட்டு வர்றேன் அத்தை" என்பாள். ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைப்பாள். எனக்கு இதெல்லாம் பெரிய பேஜாராக இருந்தது. போன கதை வந்த கதையெல்லாம் கண் தெரியாதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

டிசம்பரில் பொங்கல் படத்தின் போஸ்டர் ஒட்டினார்கள். ஹீரோ பனிமலையில் நிற்கிறார், கழுத்தில் மஃப்ளர். ஆம்பூர் வெயிலில் அந்த மஃப்ளரைப் பார்த்தே எங்களுக்கு வியர்த்தது. மன்றத்துச் செயலாளர் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"அத்தை, கட்டவுட்டுக்கு நாங்க மாலை போடறோம். நீங்க இன்னா போடப்போறீங்க?"

"கழுத்துல இன்னாப்பா போட்டிருக்காரு?"

"மஃப்ளரு அத்தை."

"அப்ப அதையே பின்னிப்புடறேன். எவ்ளோ நீளம் வேணும்?"

அண்ணன் விளையாட்டுக்குத்தான் கேட்டார். அத்தை விளையாடவில்லை. பத்து முழம் என்று முடிவானது. போஸ்டரில் என்ன நிறம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "சிவப்பு அத்தை. நாலு விரல் சிவப்பு, ஒரு விரல் வெள்ளை, திரும்ப நாலு விரல் சிவப்பு."

"விரல் கணக்குல சொன்னா பாரு, இதான் எனக்கு வேணும்" என்றார் அத்தை. பிறகு, "டேய், இந்தப் பொண்ணு படத்துக்கு வந்து சொன்னா எப்டி இருக்கும்!" என்று அண்ணனிடம் வியந்தார்.

அன்றைக்கே இரண்டாவது டிக்கெட் என் கையை விட்டு நழுவியது தெரிந்துவிட்டது. இரவு ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பெரியம்மாவுக்குச் சீக்கிரம் சுகம் கொடும் ஆண்டவரே என்று உருக்கமாக மன்றாடினேன். அம்மாகூட மெச்சினாள். பெரியம்மா எழுந்தால் அக்கா ஊருக்குப் போய்விடுவாள் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

சிவப்பு நூலும் வெள்ளை நூலும் ஒரே கம்பெனி, ஒரே தடிமன். தொட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் அத்தை சிவப்பைத் தகர டப்பாவிலும் வெள்ளையை மஞ்சள் பையிலும் வைத்திருந்தார். கை எங்கே போகிறதோ அதுதான் நிறம். மஃப்ளர் பாதி வளர்ந்திருந்தபோது, கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்காக அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மதியம், அத்தை கண்ணயர்ந்திருந்தார். நான் டப்பாவிலிருந்ததைப் பையிலும் பையிலிருந்ததை டப்பாவிலும் மாற்றி வைத்தேன். மூடி கிறீச்சென்றது. "யாரது?" என்றார் அத்தை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நிறம் சொன்னவள் அக்கா, நூல் உருண்டை சுற்றி வைப்பவளும் அக்கா. தப்பானால் பழி அவள் தலையில்தானே விழும் என்று நினைத்தேன்.

அத்தை எழுந்து உட்கார்ந்து மடமடவென்று பின்னினார். அன்றைக்கு வசனம் எல்லாம் சத்தமாக வந்தது. ஒரு முழம் வளர்ந்தது. நான் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடுவது போல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரல் வெள்ளை, ஒரு விரல் சிவப்பு. சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாய் வரைக்கும் வந்தது. அக்கா நீட்டிய முழங்கை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் வந்த அக்கா, "நான்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, நிறம் மாறியிருக்கு. கடைசியா பின்னின ஒரு முழம் பூராவும்."

அத்தையின் ஊசி நின்றது. டப்பாவைத் தடவினார், பையைத் தடவினார். "மதியம் மூடி சத்தம் கேட்டுச்சு. யார் எடுத்தது?"

"அக்காதான் எடுத்துச்சு அத்தை, நான் பாத்தேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒத்திகைக்குக் கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன் அத்தை" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனதும், வரும்போது வாசலில் சொல்லிக்கொண்டு வந்ததும் என் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு அது நடிப்புதானே.

"சரி" என்றார் அத்தை. ஊசியை உருவிவிட்டு அந்த ஒரு முழத்தையும் பிரித்தார். திட்டவில்லை. அக்காவையும் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலன்று கட்டவுட்டில் மஃப்ளர் ஏறியது. பையன்கள் விசில் அடித்தார்கள். "எப்டிப்பா இருக்கு?" என்று அத்தை கேட்டார். "சூப்பரா இருக்கு அத்தை, போஸ்டர்ல இருக்கறது மாதிரியே!" என்று நான் முந்திக்கொண்டேன். அத்தை, "தம்பி, கலரு சரியா இருக்கா?" என்று செயலாளர் அண்ணனை ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

மாலைக் காட்சிக்கு யார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். "பொங்கல் படமும் உனக்குத்தான்னு தீபாவளிப் படத்தப்பவே சொல்லிட்டேன் இல்ல, வா" என்று அத்தை என்னைத்தான் கூப்பிட்டார். அக்கா வாசல் வரை வந்து, "ஜாக்கிரதையா போய்ட்டு வாங்க அத்தை" என்றாள். அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அழுகிறாளா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்றைக்கு நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பத்துப் பேரைப் பத்தாகவே சொன்னேன். "அத்தை, ஹீரோ பனியில நடந்து வர்றாரு, ஒத்தையா." அத்தை தலையாட்டினார். பிறகு வலது பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம், "ஏம்மா, இன்னா காட்றாங்க?" என்றார்.

"அதான் உங்க பாப்பா சொல்லுதே. பனியில நடக்கறாரு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

இடைவேளைக்குள் இப்படிப் பத்துத் தடவை. நான் ஒன்று சொல்வேன், அத்தை அந்தப் பக்கம் சாய்ந்து ஒன்று கேட்பார். எனக்கு அந்த அம்மாவின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போதுதான் ஒருத்தியை ஜெயித்துவிட்டு வந்தேன், அதற்குள் இன்னொருத்தி போட்டிக்கு வந்துவிட்டாளே என்று. அவளுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன். பின்சீட்டுக்காரர், "பாப்பா, வால்யூம் கம்மி பண்ணு" என்றார். சனம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குடும்ப ஜெபம். ஆளுக்கு ஒரு நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார் அப்பா. பெரியம்மா தேறி வருவதற்காக அக்கா சொன்னாள். என் முறை வந்தபோது, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததற்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மனம் நிறைந்து சொன்னேன். "ஆமென்" என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தையும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அத்தையின் மனசிலும் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.